இடது பக்கம் திரும்பும் வண்டி

போன மாதம் நம் காலனிக் குழுவில் ஒருவர் பழைய சைக்கிள் ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார். மாமனார் வீட்டுப் பரணில் கிடந்ததாம். துரு எடுத்து, பெயின்ட் அடித்து, பழையபடி ஓட வைக்கப் போகிறாராம். இது எந்த வருடத்து வண்டி, யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார். ஆளாளுக்கு ஒன்று சொன்னீர்கள். ஒருவர் சுதந்திரத்துக்கு முன்பு என்றார். இன்னொருவர் ஹேண்டிலைப் பார்த்தாலே தெரிகிறது, அறுபதுக்குப் பின்புதான் என்றார். நான் வழக்கம்போல எதுவும் எழுதவில்லை. ஆனால் அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

படத்தைப் பார்த்து வருடம் சொல்ல முடியாது. வண்டியைக் கவிழ்த்துப் போட வேண்டும். சீட்டுக்கு அடியில், குழாய்கள் சேருகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினால் ஒரு நம்பர் இருக்கும். சில வண்டிகளில் பெடல் தண்டு போகும் உருளைக்கு அடியில் இருக்கும். மூன்று கியர் வண்டியாக இருந்தால் பின்சக்கரத்து ஹப்பின் மேல் இரண்டு இலக்கம் வெட்டியிருப்பார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு கோடை விடுமுறை முழுக்க நான் ஒரு சைக்கிளின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது இருக்கும்.

அந்த வருடம் பங்குனியில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் தங்கை. அரக்கோணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். மாமா வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது என்பதை அம்மா என் தொடையைக் கிள்ளிப் புரியவைத்தாள். வந்த அன்றே அத்தை வீட்டைப் பெருக்கினாள், தண்ணீர் பிடித்தாள், துணி துவைத்தாள். யாராவது உட்கார் என்று சொல்லும்வரை உட்கார மாட்டாள். சாப்பிடும்போதும் ஒரு காலைக் குத்துக்காலிட்டு, உடனே எழுந்துவிடுகிறவள் போலத்தான் உட்கார்ந்திருப்பாள்.

அப்போது சனத்நகர் பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் ஒயர் கட்டும் வேலைக்குப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். எழுதிப் போட்டாள், கூப்பிட்டார்கள், எடுத்தும் விட்டார்கள். ஜூனில் சேர வேண்டும். முதலில் தற்காலிகம், பிறகுதான் நிரந்தரம். ஒரே ஒரு சிக்கல். தொழிற்சாலை பஸ் லாலாகுடா பக்கம் வராது. சர்க்கார் பஸ்ஸில் போனால் ஸ்டேஷனில் இறங்கி மாற வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் போய்ச் சேர்வதற்குள் கேட்டை அடைத்துவிடுவார்கள். தற்காலிக ஆட்கள் அடிக்கடி கேட்டுக்கு வெளியே நின்றால் அவர்களை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"சைக்கிள்ல போறேன்ணா" என்றாள் அத்தை.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆங்கிலோ இந்தியர்களை அவள் சட்டைக்காரர்கள் என்றுதான் சொல்வாள். "சட்டைக்காரப் பொண்ணுங்க கவுன் போட்டுக்கினு ஓட்டுதுங்க. பொடவையக் கட்டிக்கினு நீ எப்படி ஓட்டுவ? ஊரே நின்னு பாக்கும்."

"பாக்கட்டும் அண்ணி. இங்க இருந்தாலும்தான் பாக்கறாங்க."

அத்தை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா மறுநாள் மெட்டுகுடாவில் சைக்கிள் டாக்ஸி வைத்திருந்தவரிடம் போய்ப் பேசினார். மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடும் அந்தக் கடை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர் தக்கனி உருது பேசுகிறவர். நம் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்.

புது வண்டி வாங்க வழியில்லை. ஒரு வியாழக்கிழமை அப்பா லீவு போட்டுவிட்டு அவரோடு ஜுமேராத் பஜாருக்குப் போனார். வாராவாரம் வியாழக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தை அது. பூட்டு, பாத்திரம், கிராமபோன் குழாய், கதவுக் கீல் என்று பட்டணத்தில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும் அங்கேதான் போய்த் தேடுவார்கள். சாயங்காலம் ரிக்‌ஷாவில் ஒரு லேடீஸ் சைக்கிள் வந்து இறங்கியது.

டயர் இல்லை. சீட்டின் தோல் காய்ந்து நாய் கடித்த செருப்பு மாதிரி இருந்தது. மேலே யாரோ சுவருக்கு அடிக்கும் நீலப் பெயின்ட்டைப் பூசியிருந்தார்கள். ஆனால் அதன் வடிவம் நான் அதுவரை பார்த்திராதது. வழக்கமான லேடீஸ் வண்டியில் முன்குழாய் நேராகச் சரிந்து இறங்கும். இதில் இரண்டு குழாய்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக, கழுத்தை வளைத்துத் தண்ணீர் குடிக்கிற பறவைபோல வளைந்து இறங்கின. நான் கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் வந்ததால் சூடாக இருந்தது.

அப்பா ரயில்வே பட்டறையில் வீல் ஷாப் ஃபிட்டர். அங்கே ஓவர்ஹாலுக்கு வருகிற வண்டியைக் கடைசி ஆணிவரை கழற்றிவிடுவார்கள். பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. அதே வழக்கத்தை அப்பா வீட்டு வாசலிலும் நடத்தினார். கழற்றுவதற்கு முன் சேரும் இடங்களில் உளியால் சின்னக் கோடு போட்டுக்கொண்டார். திருகுகளை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டார். பிறகு உப்புத்தாளும் உடைந்த ரம்பத் துண்டும் எடுத்துக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தார். எனக்கும் ஒரு துண்டு உப்புத்தாள் கிடைத்தது.

நீலத்துக்கு அடியில் சாம்பல் நிறம் இருந்தது. சாம்பலுக்கு அடியில் ஒரு கறுப்பு. கறுப்புக்கு அடியில், எனக்கு இன்னும் அந்த இடம் கண்ணில் இருக்கிறது, வளைந்த குழாயின் உட்பக்கத்தில், ஆழ்ந்த பச்சை. பாசி பிடித்த கிணற்றை எட்டிப் பார்த்தால் தெரிகிற பச்சை. அந்தப் பச்சையின் மேல் தலைமுடி அளவுக்கு மெல்லிய தங்கக் கோடு ஒன்று குழாயின் வளைவோடு கூடவே வளைந்து போனது. எந்தக் கையோ மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்த கோடு. நான் சுரண்டுவதை நிறுத்திவிட்டேன். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னா கைடா அது" என்றார். பிறகு, "தேய், தேய். அடியில துரு இருந்தா மேல அடிக்கிற பெயின்ட் நிக்காது" என்றார்.

தேய்த்தோம். மாலைக்குள் அந்தக் கோடு இல்லை. இன்றைக்குப் பழைய வண்டி சேர்ப்பவர்கள் இதைப் படித்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். வருடம் கண்டுபிடிக்கவும் வண்டியை அடையாளம் சொல்லவும் அந்த நிறமும் கோடும்தான் முதல் சாட்சி என்று இப்போது சொல்கிறார்கள். ஓவர்ஹால் என்றால் சுரண்டுவது. அப்பாவுக்கு வேறு மாதிரி தெரியாது.

பின்சக்கரத்து ஹப்பைத் துடைத்தபோதுதான் 38 என்ற இலக்கம் தெரிந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, முப்பத்தெட்டில் கடைசியாக ஓவர்ஹால் ஆகியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். வேகனின் பக்கத்தில் ஓவர்ஹால் ஆன தேதியைத்தானே எழுதுவார்கள். அப்படியானால் வண்டி இன்னும் பழையது என்று கணக்குப் போட்டார். டயர் கொண்டுவந்த சைக்கிள் டாக்ஸிக்காரர் அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து இருமினார்.

"அண்ணா, ஏ ரயில் நை, இது ரயில் இல்ல. சைக்கிள்கு யாரு ஓவர்ஹால் தேதி போடறா? அது பொறந்த வருஷம். ஆனா சக்கரம் பொறந்த வருஷம். உடம்பு வேற." அவர் ஃபிரேமைத் தட்டிக் காட்டினார். கியர் கம்பி போவதற்கு ஃபிரேமில் எங்கேயும் இடம் விடவில்லை, பின்னால் யாரோ பட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றார். "ஏ தோனோ ஏக் மா கே பச்சே நை. ரெண்டும் ஒரு தாய் பிள்ளைங்க இல்ல."

அப்பாவுக்குக் கொஞ்சம் ரோசம் வந்துவிட்டது. ஆனாலும் சீட்டுக் குழாயில் இருந்த நம்பரை இருவரும் நகத்தால் சுத்தம் செய்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தார்கள். எனக்கு அது தாங்க முடியாத அதிசயமாக இருந்தது. நான் பிறப்பதற்கு, ஏன், அப்பா பட்டறையில் சேர்வதற்கே முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் ஓர் ஆள் இந்த இரும்பின் மேல் சுத்தியால் அடித்த அடி, இதோ எங்கள் வேப்பெண்ணெய் விளக்குமாடத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

வண்டிக்குக் கறுப்பு அடித்தார்கள். அத்தை மைதானத்தில் ஓட்டப் பழகினாள். அங்கேதான் அந்தச் சங்கதி தெரிந்தது. வண்டி நேராகப் போக மறுத்தது. ஹேண்டிலை இடது பக்கம் ஒரு விரற்கடை திருப்பினால், உள்ளே ஏதோ டக்கென்று பள்ளத்தில் உட்கார்ந்தது போலாகும். பிறகு அதை அங்கிருந்து கிளப்ப வலது கையால் இழுக்க வேண்டும். பழக்கமில்லாத அத்தையால் முடியவில்லை. இடது பக்கமாக வட்டம் போட்டுக்கொண்டே இருந்தாள். நம் பையன்கள், உங்களில் சிலரும் அதில் உண்டு, சுற்றி நின்று கைதட்டினீர்கள். நுமாயிஷ் கண்காட்சியில் மரக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் சுற்றும் மரணக் கிணறு இருக்குமே, அது ஞாபகம் வந்து, "அக்கா, மௌத் கா குவா டிக்கெட் எவ்ளோ?" என்று ஒருவன் கேட்டான். அத்தை இறங்காமல், சுற்றிக்கொண்டே, "உனக்கு இனாம், உள்ள வந்து படு" என்றாள். அவளுக்குள் இப்படிப்பட்ட பேச்செல்லாம் இருந்தது எங்களுக்கு அந்தக் கோடையில்தான் தெரியவந்தது.

அப்பா ஹேண்டிலைக் கழற்றிப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு கப் இருக்கும், அதற்குள் பால்ரஸ் குண்டுகள் உருளும். அந்தக் கப்பில் குண்டுகள் உட்கார்ந்து உட்கார்ந்து வரிசையாகக் குழி விழுந்திருந்தது. எந்த வண்டியிலும் ஓட ஓடக் குழி விழும், ஆனால் ஹேண்டில் நேராக இருக்கும்போது குண்டு உட்காரும் இடத்தில்தான் விழும். இதில் அப்படியில்லை. எங்கேயோ மோதி முன்பக்கம் முறுக்கிக்கொண்ட வண்டி, ஆக்சிடென்ட் வண்டி என்று அப்பா தீர்மானித்தார். அந்த அளவுக் கப் பட்டணத்தில் எங்கும் கிடைக்கவில்லை. பட்டறை டர்னரிடம் கேட்டார். இந்த இரும்பைக் கடைந்து கடினப்படுத்த நம்மால் ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார்.

"பரவால்லணா. நானு இழுத்துப் புடிச்சிக்கிறேன்" என்றாள் அத்தை.

அப்படித்தான் பிடித்தாள். ஜூன் முழுக்க அவள் கிளம்புவதைப் பார்க்க நான் விடியற்காலையில் எழுந்துவிடுவேன். புடவையைப் பின்னால் இழுத்துச் செருகி, டிபன் டப்பாவைக் கேரியரில் வைத்துக் கட்டி, வலது தோளை லேசாக முன்னே தள்ளி உட்காருவாள். கியர் ஹப் டிக் டிக் டிக்கென்று மெல்லச் சத்தம் போடும். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்பது போல இருக்கும். தெருமுனையில் சத்தம் தேய்ந்து மறையும்வரை நின்றிருப்பேன். ராத்திரியானால் அம்மா உப்பை வறுத்து மூட்டை கட்டி அத்தையின் வலது தோளில் ஒத்தடம் கொடுப்பாள். கொடுத்துக்கொண்டே திட்டுவாள். ஆனால் தினமும் கொடுத்தாள்.

மழை பிடித்த பிறகு ஒரு நாள் அத்தை சீக்கிரமே திரும்பி வந்தாள்.  பேகம்பேட்டில் ஒரு பழைய பெரிய வீட்டின் கமான் வாசல் வளைவுக்கு வெளியே, ஷேர்வானி போட்ட ஒருவர் ரோட்டில் இறங்கி வண்டியைப் பிடித்து நிறுத்திவிட்டாராம். வளைந்து இறங்கும் குழாய்களைக் காட்டி, இது எங்கள் வீட்டு வண்டி, என் தங்கையுடையது, வீட்டில் சாமான்கள் ஒவ்வொன்றாகத் திருட்டுப் போன நாட்களில் இதுவும் போனது என்று சொல்லிக்கொண்டு ஹேண்டிலை விடவே இல்லையாம். கூட்டம் கூடிவிட்டது. வீட்டு விலாசத்தைச் சொன்ன பிறகுதான் விட்டிருக்கிறார். அதற்குள் தொழிற்சாலை கேட் அடைத்துவிட்டது. அங்கே ஏற்கெனவே மழையால் தாமதமான நாட்கள் இருந்தன. இன்னொரு தடவை இப்படியானால் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஜுமேராத் பஜாரில் யார் ரசீது கொடுப்பார்கள்? திருட்டு வண்டி என்று போலீசுக்குப் போனால் அப்பாவின் வேலைக்கே கேள்வி வரும். வண்டியைக் கொடுத்துவிட்டால் அத்தைக்கு வேலை இல்லை. "காசு புடுங்கத்தான் வந்திருக்கான். ஏதோ குடுத்து அனுப்பிடுங்க" என்றாள் அம்மா. அப்பாவும் அதைத்தான் நினைத்தார். 

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். உயரமான ஆள். ஷேர்வானியின் முழங்கையில் அதே நிற நூலால் மிக நுணுக்கமாகத் தைத்திருந்தது. அப்பா ஸ்டூல் போட்டார். அவர் உட்காரவில்லை, வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். துணைக்கு வந்திருந்த சைக்கிள் டாக்ஸிக்காரர் அவருக்கு சலாம் வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் அவள் முந்தானைக்குள் நின்றேன்.

அந்த வண்டி எப்போது வாங்கியது என்று அப்பா கேட்டார். நிஜாமின் ஜூபிலி நடந்த வருடம், தங்கைக்குப் பன்னிரண்டு வயது, அப்பாஜான் பம்பாயிலிருந்து வரவழைத்தார் என்றார் அவர். பச்சை நிறம், தங்கக் கோடு. அப்பா உடனே பின்சக்கரத்தைக் காட்டினார். ஜூபிலி முப்பத்தேழில். இதில் முப்பத்தெட்டு என்று வெட்டியிருக்கிறது. உங்கள் வண்டியில் கியர் உண்டா என்று கேட்டார். அவர் யோசித்து, இல்லை என்றார். அப்படியானால் இது உங்கள் வண்டி இல்லை என்று அப்பா முடித்துவிட்டார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

நான் அப்பாவையே பார்த்தேன். பட்டறைக்கு வருகிற எஞ்சினுக்குப் போகும்போது வேறு எஞ்சினின் சக்கரத்தை மாட்டி அனுப்புவார்கள். கொதிகலனைக்கூட மாற்றுவார்கள். ஃபிரேம் எதுவோ அதுதான் அந்த எஞ்சின். இதைச் சாப்பிடும்போது எனக்குச் சொன்னவரே அவர்தான். வீல் ஷாப்பில் ஒருவரும் சக்கரத்தை வைத்து எஞ்சினுக்கு வயது சொல்ல மாட்டார்கள். சைக்கிள் டாக்ஸிக்காரரும் ஃபிரேமைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷேர்வானிக்காரர் வாதாடவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டீர்கள், நான் எதைக் காட்டுவேன் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, எங்களிடம் சொல்வதற்காக இல்லை, தனக்காகச் சொல்வதுபோலப் பேசினார். தங்கையை அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்களாம். அழுகையை நிறுத்துவதற்கு வாங்கிக் கொடுத்த வண்டி. கேட்டைத் தாண்டக் கூடாது. பெண்கள் இருக்கும் ஜனானாவின் முற்றத்தில் பவ்வாரா ஒன்று இருந்தது, நீரூற்றுத் தொட்டி. தினமும் சாயங்காலம் அதைச் சுற்றிச் சுற்றியே ஓட்டுவாளாம். வருடக்கணக்காக. வளர்ந்து பெரியவளான பிறகும்.

அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பவ்வாரா கோன்ஸே ஹாத்கு ரஹ்தா தா, சாப்? எந்தக் கைப் பக்கம்?"

அவர் கண்ணை மூடினார். பிறகு இரண்டு கைகளையும் ஹேண்டில் பிடிப்பதுபோல நீட்டினார். எங்கள் வாசலில், ஈர மண்ணில், அந்த வயதானவர் சுற்றி நடக்க ஆரம்பித்தார். ஷேர்வானியின் ஓரம் ஆடியது. அரை வட்டம் நடந்ததும் அவருடைய இடது கை ஹேண்டிலை விட்டுவிட்டுக் கீழே இறங்கியது. விரல்கள் தண்ணீரை அளைவதுபோல அசைந்தன.

"ஐஸா" என்றார். இப்படித் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே போவாளாம்.

யாரும் சிரிக்கவில்லை. எதிர் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நின்றவர்கள்கூடச் சிரிக்கவில்லை. அத்தை வண்டியைப் பிடித்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒரு விரலால் ஹேண்டிலைத் தொட்டாள். அது இடது பக்கம் ஒரு விரற்கடை திரும்பி, டக்கென்று உட்கார்ந்தது.

"ணா, வண்டி இவங்களுதுதான்."

"நீ சும்மா இரும்மா."

"தெனமும் அத்த இழுத்துக்கினு போறவ நானு. எனக்குத் தெரியாதாணா."

அப்பா அவளைப் பார்த்தார், ஹேண்டிலைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.  ஒரே வளைவில் ஒரே பக்கமாக ஓடுகிற எஞ்சினுக்கு ஒரு பக்கத்துச் சக்கரம்தான் தேயும், அதனால்தான் எஞ்சினை அவ்வப்போது திருப்பிவிடுவோம், இருபது வருடமாக இதைத்தானே பார்க்கிறேன் என்றார். "ஆக்சிடென்ட்டுன்னு நெனச்சேன். ஒரு பொண்ணு சுத்தி சுத்தி வந்திருக்கு." 

 இரும்பில் குழி விழும் அளவுக்கு ஒருத்தி ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியிருக்கிறாள். இதை எந்த நம்பரும் சொல்லவில்லை. அத்தையின் தோள் வலி சொல்லியிருக்கிறது.

ஷேர்வானிக்காரர் அன்று வண்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை. தங்கை அந்த வீட்டில்தான் இருக்கிறாள், அடுத்த ஞாயிறு நீங்களே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று அத்தையைக் கேட்டுக்கொண்டார். அந்த வாரம் அத்தை வண்டியிலேயே வேலைக்குப் போனாள். தினமும் அவர் கமானுக்கு அடியில் நின்றாராம். நிறுத்தவில்லை. கையை நெற்றிக்குக் கொண்டுபோவாராம்.

சனிக்கிழமை அம்மா, புதுக் கேரியரையும் மணியையுமாவது கழற்றிக்கொள்ளச் சொன்னாள். அது நாம் வாங்கியதுதானே என்றாள். "இருக்கட்டும் அண்ணி, மொட்டையாக் குடுத்தா நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டு அத்தை தேங்காயெண்ணெய்த் துணியால் ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தொழிற்சாலைக்கு எப்படிப் போவாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் "பாத்துக்கறேன்" என்றுதான் சொல்வாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிறன்று அப்பா, அத்தை, நான் மூவரும் போனோம். என்னைக் கேரியரில் உட்கார வைத்து அவர்கள் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். பெரிய வீட்டின் வெளிக்கட்டில் அப்பா ஷேர்வானிக்காரரோடு நின்றுவிட்டார். ஆண்கள் உள்ளே வரக் கூடாதாம். அத்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக, நான் பின்னால் போனேன்.

பவ்வாரா வற்றிக் கிடந்தது. அதற்குள் உடைந்த நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். அதைச் சுற்றிப் பதித்திருந்த கல்லில் புல் முளைத்திருந்தது. தாழ்வாரத்தில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். தலைமுடி பாதி வெளுத்திருந்தது. கண்ணுக்கு மை தீட்டியிருந்தார். அவர் இறங்கி வந்து முதலில் வண்டியைத் தொடவில்லை. அத்தையின் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் காய்த்திருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார். பிறகுதான் ஹேண்டிலைத் தொட்டார். டக்கென்றது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

இது எங்கெல்லாம் போகிறது என்று கேட்டார். அத்தைக்குப் புரியவில்லை. தினமும், எந்த வழியாக, என்று மறுபடி கேட்டார். அத்தை தன் அரைகுறைத் தக்கனியில் சொன்னாள். லாலாகுடா, ஆலுகட்டா பாவி, ஸ்டேஷன், பாரடைஸ், பேகம்பேட், அமீர்பேட், சனத்நகர். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இந்தத் தடவை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி விசாரித்தார். ஸ்டேஷன் வாசலில் அந்த நேரத்தில் கூட்டம் இருக்குமா? வழியில் வரும் பாலத்தில் மழைக்காலத்தில் காற்று அடிக்குமா? அமீர்பேட்டில் இன்னும் தோட்டங்கள் இருக்கின்றனவா? அத்தை தெரிந்ததையெல்லாம் சொன்னாள். வீட்டில் எங்களிடம்கூட அவள் சொல்லாத சங்கதிகள். பாலத்தின் மேல் ஏறும்போது எதிரே சூரியன் வராமல் முதுகில் வருவதால் தன் நிழல் தனக்கு முன்னால் நீளமாக ஓடும் என்றாள்.

"ரோஜ்?" என்றார் அந்த அம்மாள்.

"ஹவ் ஆபா. ரோஜ்." ஆமாம் அக்கா, தினமும்.

அவர் நெடுநேரம் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியை அத்தையின் பக்கமாகச் சாய்த்தார். "லே ஜாவ்" என்றார். எடுத்துக்கொண்டு போ. அத்தை தலையை ஆட்டி மறுத்தாள். அவர் ஹேண்டிலை அத்தையின் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்தினார். வாசல்வரை கூடவே வந்தார். அங்கே தொங்கிய திரைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, அத்தையின் தோளைத் தொட்டு, ஒன்று மட்டும் சொன்னார்.

"இஸ்கு கர் மேங் நக்கோ ரக்கோ, பேட்டி." வீட்டுக்குள்ளே வைக்காதே இதை.

வெளியே வந்ததும் அப்பா, என்ன சொன்னார்கள் என்று கேட்டார். "ஓட்டச் சொன்னாங்க" என்றாள் அத்தை.  திங்கட்கிழமை விடியற்காலையில் தெருமுனைவரை டிக் டிக் சத்தம் கேட்டது.

அத்தை அந்தத் தொழிற்சாலையில் நிரந்தரமாகி, தனி வீடு பார்த்துக்கொண்டு போகும்வரை பல வருடம் நம் வரிசையில்தான் இருந்தாள். அவ்வளவு வருடமும் வண்டியை ஒரு ராத்திரிகூட வாசற்படிக்கு உள்ளே ஏற்றவில்லை. மழை கொட்டும்போது அப்பா, உள்ளே எடுத்து வை, ரிம் போய்விடும் என்று கத்துவார். பூட்டைப் போட்டுவிட்டு அவள் பேசாமல் வந்துவிடுவாள். ரிம் போயிற்று, மட்கார்டு போயிற்று, அப்பா அடித்த கறுப்பெல்லாம் உரிந்தது. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், வேலிக்குப் பக்கத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கும். இவ்வளவு நல்ல சீமை வண்டியை அருமை தெரியாமல் இப்படிப் போட்டு வைத்திருக்கிறாளே என்று உங்கள் வீடுகளில் பேசினார்கள். எங்கள் வீட்டு ஜன்னல்வரை கேட்கும்.